காளானும் களாப்பழமும்

கோடை மழை இரண்டு நன்றாகப் பெய்துவிட்டால், நமது அங்கத்தினர்கள் பலருக்குக் காட்டுப்பக்கம் கால் திரும்புவது வழக்கம். விடிந்தது முதல் தறிக்குழியில் அமர்ந்திருப்பவருக்கும், கோடை உழவை முடித்துவிட்டு அடுத்த மழையை எதிர்பார்த்திருப்பவருக்கும் இந்த ஆசை இயல்பானதே. அடிவாரத்துப் புதர்களில் களாப்பழம் கறுத்திருக்கும். புற்றோரத்தில் காளான் குடை விரித்திருக்கும். கையில் காசில்லாத மாதத்தில், பறித்துக்கொண்டு வந்தால் ஒரு வேளைக் குழம்புக்கு ஆயிற்று. குழந்தைகளுக்குத் தின்பண்டமும் ஆயிற்று. ஆனால் பழத்தையும் காளானையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டு வரும் பழக்கத்தில் ஓர் அபாயம் இருக்கிறது. காட்டுப் பொருளுக்கு விலையே இல்லையென்று எண்ணும் பழக்கத்தில் ஓர் அநீதியும் இருக்கிறது. சென்ற ஆண்டு வைகாசி நடுவில் ஜவ்வாது மலையில் ஒரு பகல் முழுவதும் நடந்து, இவ்விரண்டையும் நேரில் அறியும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அது பரந்து கிடக்கிறது. மலைமேல் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரளத்தவர் என்று எண்ணிவிடலாகாது. தமிழே அவர்களுடைய தாய்மொழி. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சாமையும் கேழ்வரகும் விதைக்கிறார்கள். பலாவும் புளியும் அவர்களுக்குப் பணம் தருபவை. பயிர் இல்லாத கோடை மாதங்களில் காடு தருவதைக் கொண்டே பல வீடுகளில் உப்பும் எண்ணெயும் வாங்க வேண்டியிருக்கிறது.

காட்டில் விளைவது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பழையது. 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் வந்த நாள் முதல், ஒதுக்குக் காட்டில் எதை எடுப்பதானாலும் சர்க்காரின் உத்தரவு வேண்டியிருந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதை மாற்றியது. காட்டை நம்பி வாழும் பழங்குடியினரும், தலைமுறைகளாகக் காட்டில் வசிக்கும் பிறரும், தாம் வழக்கமாக எடுத்துவரும் சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கலாம், உபயோகிக்கலாம், விற்கலாம். அவற்றின்மீது அவர்களுக்குச் சொந்த உரிமையே உண்டு என்று அச்சட்டம் கூறுகிறது. தாவரங்களிலிருந்து கிடைக்கும், மரமல்லாத பொருள்களெல்லாம் இதில் அடங்கும் என்பது சட்டத்தின் வாசகம். காளான் தாவரமா, அன்றா என்ற வாதத்தை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடலாம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அடிவாரத்திலிருந்து பையோடு ஏறிச் செல்லும் நமக்கு இந்த உரிமை கிடையாது. ஆகவே வனத்துறையினருக்குத் தெரிவித்து, மலைக் கிராமத்து மக்களின் விருந்தினராகவே நாங்கள் சென்றோம்.

நாங்கள் என்பது நானும், அடிவாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் காரியதரிசியும். எங்களை அழைத்துச் சென்றவர்கள் அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியும், அவருடைய மருமகளும், பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த பேத்தியும். இருட்டோடு புறப்பட்டு வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம் என்று காரியதரிசி யோசனை கூறினார். மூதாட்டி அதற்கு உடன்படவில்லை. “களாப்பழம் கரடிக்கும் பிடிக்குங்க, ஐயா. அது தின்னுட்டுப் போகட்டும், அப்புறம் நாம போவோம்” என்றார். நன்றாக விடிந்த பிறகே நடந்தோம்.

முதல் ஒரு மைல் தூரம் பழம் என்று சொல்லத்தக்கது எதுவும் கண்ணில் படவில்லை. வழியின் இருபுறமும் உன்னிச்செடி ஆளுயரத்துக்குப் படர்ந்திருந்தது. பல நிறப் பூக்களோடு பார்க்க அழகாக இருக்கும் இச்செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூங்காவுக்கென்று வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று தென்னாட்டு மலைகளில் அது இல்லாத சரிவைக் காண்பது அரிது. அதன் அடியில் புல் வளர்வதில்லை. களா, காரை முதலிய நாட்டுச் செடிகளின் கன்றுகளும் தலையெடுப்பதில்லை. அதன் கறுத்த பழத்தைப் பறவைகள் தின்று விதையை மேலும் பரப்புகின்றன. சிறுவர்களும் தின்பதுண்டு, ஆனால் பச்சைக் காயில் நஞ்சு இருக்கிறது. தாம் மணமாகி வந்த காலத்தில் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே களா இருந்ததென்றும், இப்போது அதற்கு இரண்டு மைல் நடக்க வேண்டியிருக்கிறதென்றும் மூதாட்டி கூறினார்.

உன்னிப் புதர் தீர்ந்ததும் காடு வேறாகிவிட்டது. கருந்தும்பி மரங்களில் மஞ்சள் நிறப் பழங்கள் இருந்தன. பீடி சுற்றுவதற்கு இலை தரும் இனம் இதுவே என்பதைப் பலர் அறிவர். பழம் உண்ணத்தக்கது என்பதைச் சிலரே அறிவர். சிற்றீச்சம் புதர்களில் குலைகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. இதன் ஓலையே நம் வீடுகளுக்குத் துடைப்பமாக வருகிறது. காரைப்பழத்தைப் பேத்தி பறித்துத் தந்தாள். மாவு போன்ற சதை, சிறிது இனிப்பு, கொட்டைதான் அதிகம். நாவல் இன்னும் பச்சையாகவே இருந்தது. ஆனி பிறந்தால்தான் அதற்குக் காலம். வழியில் ஓர் எட்டி மரமும் நின்றது. அதன் பழம் கிச்சிலிப் பழத்தின் நிறத்தில் கண்ணைக் கவரும் என்பதும், உள்ளிருக்கும் விதை ஆளைக் கொல்லும் என்பதும் நமக்குப் பழமொழி வழியாகத் தெரிந்தவை. மலைக் குழந்தைகளோ நடக்கப் பழகும் வயதிலேயே அம்மரத்தை அறிந்துகொள்கிறார்கள்.

களாப் புதர்கள் ஒரு பாறைச் சரிவில் இருந்தன. அதன் முள் இரட்டையாக இருக்கும். குத்தினால் அன்றிரவு தறி மிதிக்க முடியாது. காய் பச்சையாக இருக்கையில் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். சிவந்து பிறகு கறுத்தபின் புளிப்பும் இனிப்பும் கலந்துவிடும். இவர்கள் பறிக்கும் முறையைக் கூர்ந்து கவனித்தேன். ஒரு புதரை ஒட்டப் பறிப்பதில்லை. கைக்கெட்டும் கிளைகளில் எடுத்துக்கொண்டு, உச்சியில் இருப்பதைக் குருவிகளுக்கென்று விட்டுவிடுகிறார்கள். கிளையை வளைப்பார்கள், ஒடிப்பதில்லை. காயும் பழமும் தனித்தனிக் கூடைகளுக்குப் போகின்றன. ஊறுகாய்க்குக் காய் வேண்டும். பழத்தோடு கலந்தால் காயின் பால் பட்டுப் பழம் கெட்டுவிடும் என்று மருமகள் விளக்கினார். மேலே தேக்கிலை போட்டு மூடிக் கூடையைப் புதர் நிழலிலேயே வைத்தார்கள். ஆறு மணி நேர உழைப்பில் மூவருமாகச் சேர்த்தது சுமார் நான்கு படி.

நகரத்து ரொட்டிக் கடைகளில் கேக்கின் மீதும் இனிப்பு ரொட்டியின் உள்ளேயும் செக்கச்செவேலென்று வைக்கப்படும் ‘செர்ரி’ப் பழத்தை நேயர்கள் கண்டிருப்பார்கள். நம் நாட்டில் அவ்வாறு விற்கப்படுவதில் பெரும்பகுதி செர்ரியே அன்று. களாக்காயைக் கொட்டை நீக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றியதுதான். இதைச் சொன்னபோது பேத்தி நம்பவில்லை. அவள் ஒரு முறை ஊர்த் திருவிழாவில் அந்தச் செர்ரியை ஆசையோடு வாங்கித் தின்றிருக்கிறாள்.

இனிக் காளானுக்கு வருகிறேன். நண்பகலுக்குச் சற்று முன்பு ஒரு கறையான் புற்றின் ஓரத்தில் பத்துப் பதினைந்து வெண்குடைகள் தென்பட்டன. இவை ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும்தான் மிகுதியாக எழும். கோடை மழை போதிய அளவு பெய்தால் சில வேளைகளில் முன்கூட்டியே தலைகாட்டும். மூதாட்டி பறிப்பதற்கு முன் விரலால் மண்ணை விலக்கிக் காட்டினார். தண்டு மண்ணுக்குள் மெலிந்து, வேர்போல நீண்டு, புற்றை நோக்கிச் சென்றது. “இந்த வேர் புத்துக்குள்ள போகணும், ஐயா. போகலேன்னா அது நம்ம காளான் இல்லே.”

இந்த வேரின் கதை சுவையானது. கறையான் காய்ந்த இலையையும் சுள்ளியையும் தின்று, கழிவைக் கொண்டு புற்றுக்குள் தேனடை போன்ற மேடைகளை அமைக்கிறது. அம்மேடைகளில் காளானின் வெண்ணிற நூல்கள் படர்கின்றன. கறையானால் சீரணிக்க இயலாத மரச்சத்தை அந்நூல்கள் பக்குவப்படுத்த, கறையான் அதை உணவாகக் கொள்கிறது. மழையில் மண் நனைந்ததும் அதே நூல்கள் திரண்டு, மண்ணைப் பிளந்து குடையாக வெளிவருகின்றன. கறையானுக்கும் காளானுக்கும் உள்ள இந்த ஒப்பந்தம் சுமார் மூன்று கோடி ஆண்டுகளாக நடந்து வருவதாக விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். பங்குத் தொகையும் பேரேடும் இன்றி இவ்வளவு காலம் நடந்த சங்கம் வேறொன்றை என் சரகத்தில் நான் கண்டதில்லை. கறையானை விட்டு இக்காளானைத் தனியே வளர்க்க முடியாததால், இது இன்றும் காட்டுப் பொருளாகவே இருக்கிறது.

ஒன்பதைப் பறித்துக்கொண்டு, முற்ற விரிந்தவற்றை மூதாட்டி அப்படியே விட்டார். இருபது அடி தள்ளி ஒரு மரத்தடியில் மற்றொரு வெள்ளைக் காளான் நின்றது. பார்வைக்கு இதைவிட அழகாகவே இருந்தது. தண்டின் நடுவில் வளையமும், அடியில் கிண்ணம் போன்ற உறையும் இருந்தன. அது நஞ்சுக் காளானா என்று கேட்டேன். “அது எனக்குத் தெரியாதுங்க. எங்க அம்மா அதைப் பறிச்சதில்லே, நானும் பறிச்சதில்லே” என்று சொல்லிவிட்டு நடந்தார். அப்போது காரியதரிசி, “ஏம்மா, வெள்ளிக் காசு போட்டுக் கொதிக்கவைத்தால் தெரிந்துவிடாதா?” என்று கேட்டார். மூதாட்டி அப்படி ஒரு வழியைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்றார்.

காரியதரிசி அறியாமையால் இவ்வாறு கேட்கவில்லை. அதற்கு முந்தின ஐப்பசியில் அவருடைய சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் வீட்டில், கொல்லைப்புறத்து மரத்தடியில் முளைத்த காளானைச் சமைத்தார்கள். குழந்தையின் வெள்ளிக் கொலுசைப் பாத்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள்; அது கறுக்கவில்லை. நான்கு பேர் உண்டார்கள். மறுநாள் காலையில்தான் வாந்தியும் பேதியும் கண்டன. அதற்கடுத்த நாள் எல்லாம் தணிந்து, அங்கத்தினர் தறியிலும் அமர்ந்துவிட்டார். பிறகு கண்கள் மஞ்சளாயின. ஆஸ்பத்திரியில் மூவர் பிழைத்தார்கள். அங்கத்தினரின் தாயார் பிழைக்கவில்லை.

இந்த வரிசையை ஒவ்வோர் அங்கத்தினரும் நினைவில் வைக்க வேண்டும். மிகக் கொடிய காளான் நஞ்சு உண்டவுடன் வேலை செய்வதில்லை. ஆறு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அதன்பின் நோய் விட்டுவிட்டது போன்ற ஒரு தெளிவு. அந்தத் தெளிவின்போதுதான் நஞ்சு ஈரலை அழித்துக்கொண்டிருக்கிறது. கொதிக்க வைத்தாலும், உலர்த்தினாலும், ஊறுகாய் போட்டாலும் இந்நஞ்சு நீங்காது. வெள்ளி கறுத்தல், மஞ்சள் நிறம் மாறுதல், பூண்டு கறுத்தல் என்று வழங்கும் சோதனைகள் எதனாலும் இதை அறிய முடியாது. பூச்சி அரித்த காளான் நல்லது என்பதும் தவறு. நத்தையும் புழுவும் நஞ்சுக் காளானையும் தின்றுவிட்டு நலமாகவே இருக்கின்றன. காளான் உண்டபின் வயிறு கெட்டால், தணிந்துவிட்டதா என்று பாராமல், சமைத்ததில் மிச்சத்தையோ பறித்ததில் மிச்சத்தையோ கையோடு எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். உண்ட நேரத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சேர்ந்து உண்டவர்கள், நோய் காணாவிட்டாலும் உடன் செல்ல வேண்டும்.

அனுபவம் உள்ளவர்களும் தப்பிவிடுவதில்லை. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் உண்டு சில தினங்களுக்குள் 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வசித்தவர்கள். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறியவர்கள், தம் ஊரில் உண்டு பழகிய வைக்கோல் காளான் என்று எண்ணி, அங்கே விளையும் நஞ்சுக் காளானைச் சமைத்து உயிரிழந்திருக்கிறார்கள். வைக்கோல் காளானுக்கும் அடியில் கிண்ணம் உண்டு. இளம் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். நம் வைக்கோல் போர்களிலும் அந்த இனம் முளைப்பதால் விவசாய அங்கத்தினர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். மூதாட்டியின் அறிவு அந்த மலைக்கும், அந்தப் புற்றுக்கும், அவருடைய தாயார் காட்டிய சில இனங்களுக்கும் உரியது. அதை அவரிடம் ஒரு பகலில் கேட்டறிந்து வந்து நம் கொல்லையில் உபயோகிக்க முடியாது.

காளான் மீது விருப்பமுள்ளவர்களுக்குப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. பால் காளான் என்பது நமது நாட்டு இனமே. 1974-இல் மேற்கு வங்கத்திலிருந்து அது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்திப் பரப்பியது. முப்பது, முப்பத்தைந்து டிகிரி வெப்பத்திலும் நன்கு விளைவதால் சமவெளிக் கோடைக்கு ஏற்றது. வைக்கோலைச் சிறு துண்டுகளாக வெட்டி, நீரில் ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் உலர்த்தி, பைகளில் அடுக்கடுக்காகக் காளான் வித்தோடு நிரப்புகிறார்கள். பூசணம் படர்ந்தபின் பையைக் குறுக்கே வெட்டி, மேலே வேகவைத்த மண்ணைப் பரப்பி ஈரம் காத்தால், சில தினங்களில் மொட்டு எழுகிறது. ஒரு சிறு குடிசையும் நிழலும் போதும். நெசவாளர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. காளான் குடிலைத் தறிக்கூடத்தோடு ஒட்டி அமைக்க வேண்டாம். முற்றிய காளான்களிலிருந்து, குறிப்பாகச் சிப்பிக் காளானிலிருந்து, பறக்கும் நுண்தூள் சிலருக்கு இருமலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கும் நெஞ்சுக்கு அதுவும் சேர வேண்டியதில்லை.

மாலையில் நான்கு படி களாவோடு அவர்கள் சந்தைச் சாலைக்கு இறங்கினார்கள். நானும் உடன் சென்றேன். அங்கே வியாபாரி படியைக் குவித்து அளந்தார். விலையைத் தலைதட்டிய படிக்குக் கொடுத்தார். குவியலாக மேலே நின்றது கணக்கில் சேரவே இல்லை. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. பழுத்த களா இரண்டு நாளுக்கு மேல் நில்லாது. திருப்பிக் கொண்டு போனால் கூடையோடு கெடும். இது வியாபாரிக்கும் தெரியும்.

மலைவாழ் மக்களுக்கென 1970-களிலிருந்து அமைக்கப்பட்ட பெரும்பல்நோக்குக் கூட்டுறவு சங்கங்கள் இருக்கின்றனவே என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கின்றன, பயனும் உண்டு. மத்திய சர்க்கார் 2013-14-இல் சிறு வனப் பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தைத் தொடங்கியபோது புளி, தேன், கடுக்காய் ஆகியவை அதில் இடம்பெற்றன. இவை மூட்டையில் கட்டி மாதக்கணக்கில் வைக்கத்தக்கவை. களாவைப் போல இரண்டு நாளில் அழுகும் பழத்துக்கு அந்த ஏற்பாடு எளிதில் எட்டுவதில்லை. நான் பார்த்த சங்கத்தின் கிடங்கில் கடுக்காய் மூட்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. எடைத் தராசும் சரியாகவே இருந்தது. களாக் கூடை மட்டும் அந்தத் தராசின் அருகே வருவதில்லை.

இறங்கும் வழியில் காரியதரிசி ஒரு யோசனையைச் சொன்னார். அவருடைய சங்கத்து அங்கத்தினர் வீடுகளில் பெண்கள் பாவு ஓடாத நாட்களில் வேலையின்றி இருக்கிறார்கள். களாக்காயை உப்பிலிடுவதற்குப் பெரிய மூலதனம் வேண்டாம். சங்கப் பண்டகசாலையில் ஊறுகாய் விற்பதற்குத் தடையும் இல்லை. மலைச் சங்கம் தன் தராசில் எடை போட்டு வாங்கி, அதே நாளில் கீழே அனுப்பினால் அழுகலும் குறையும், குவித்த படியும் ஒழியும். இரு நிர்வாகக் குழுக்களுக்கும் எழுதப்பட்டது. வண்டிக் கூலி யார் ஏற்பது என்பதில் மூன்று மாத காலம் கடிதப் போக்குவரத்து நடந்தது. இறுதியில் பாதிப் பாதி என்று முடிவாயிற்று. அதற்குள் அந்த ஆண்டின் களாக் காலம் போய்விட்டது.

இவ்வாண்டு வைகாசியில் கொள்முதல் தொடங்கியிருக்கிறது. காயும் பழமும் தனித்தனியே எடை போட வேண்டும் என்பதும், பணம் அன்றே பட்டுவாடா ஆக வேண்டும் என்பதும், ஒடித்த கிளையோடு வரும் காய் ஏற்கப்படாது என்பதும் நிபந்தனைகள். கடைசி நிபந்தனையைக் காரியதரிசி தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார்: எவர் கொண்டு வந்தாலும் காட்டுக் காளான் வாங்கப்பட மாட்டாது.